கூடைக்குள் ஸ்டேரிங்

இதை எழுதுகிறவனுக்கு இந்தக் கதையின் மேல் பல வருஷமாகச் சந்தேகம் உண்டு. ஒரு பொய்க்கு மெருகு போடுகிறோமா, ஒரு உண்மையைக் கெடுக்கிறோமா என்று தெரியாமல் எழுதத் தொடங்குவதும் நிறுத்துவதுமாகவே இருந்திருக்கிறான். வேலாங்காட்டுப்புதூர்க்காரர்கள் இதை ஓர் அதிசயமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தள்ளிவிட்டிருப்பான். அவர்களோ போர்வெல்லில் தண்ணீர் கீழே போனதைச் சொல்வதுபோலச் சொன்னார்கள், அதுதான் அவனை விடவில்லை. திலகமணியே கூட, மாவுப் பாக்கெட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டபடி, நடுவில் கடைக்காரர் ஒருவரைப் போனில் திட்டிவிட்டு, "எங்க உட்டேன்?" என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னாள். அவள் சொன்ன போக்கிலேயே இது இருக்கிறது.

திலகமணியின் வீடு தோட்டத்துக்குள் இருந்தது. தார்ச்சாலையிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு வண்டித்தடம் வரும். அந்தத் தடம் அவள் புருஷன் செல்லமுத்துவின் அண்ணன் பொங்கியண்ணனின் காட்டு வழியாக, அவர் விதைக்கிற நிலத்துக்கு நடுவே வரும். அந்தப் பக்கத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை, யார் காட்டில் யாருக்குத் தடம் என்று தெரிந்தால் யார் யாருக்குக் குனிய வேண்டும் என்பதும் தெரிந்துபோகும். அந்தத் தடத்தில்தான் அவள் கல்யாணமாகி வந்தாள், அந்தத் தடத்தில்தான் கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின, அந்தத் தடத்தில்தான் இட்லி மாவை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடுவதற்காக அவள் தன் மாவுக் காசில் வாங்கிய பழைய வெள்ளை மாருதியும் ஒரு நாள் உள்ளே வந்தது.

வண்டி வந்த அன்றைக்கே பொங்கியண்ணன் எலுமிச்சம்பழத்தோடு வந்து, சக்கரத்துக்கு அடியில் வைத்து, சுற்றி வந்து, பானட்டைத் தட்டிப் பார்த்து, "நம்ம வண்டிக்கு ஒரு சாவி என்ற கிட்டயும் இருக்கட்டும்" என்று சொல்லி ஒன்றை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். அந்த நம்ம என்ற சொல்லில்தான் எல்லாம் தொடங்கியது. நம்ம வண்டி நிச்சயதார்த்தத்துக்குப் போனது, நம்ம வண்டி எழவுக்குப் போனது, நம்ம வண்டி மாட்டுத் தீவன மூட்டையைச் சுமந்தது, நம்ம வண்டியில் பங்காளி வீட்டுக் கோழிகள் காங்கேயம் வரைக்கும் போய் வந்தன. யாரும் அவளைக் கேட்கவில்லை. செல்லமுத்துவிடம் சொன்னால், "அண்ணந்தானே எடுத்துட்டுப் போறாரு, ஊருக்காரனா?" என்பான். நல்ல மனுஷன், அண்ணன் என்ற சொல்லுக்கு முன்னால் மட்டும் முதுகெலும்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான்.

ஒரு நாள் வெடியால, பொழுது கிளம்புவதற்கு முன்பே, மாவு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள், வண்டியைக் காணோம். பொங்கியண்ணன் யாரையோ ரயிலேற்றப் போயிருந்தார். வெயில் ஏறியது, மாவு பொங்கியது, டப்பா மூடிகளைத் தள்ளிக்கொண்டு வழிந்து, படிக்கட்டில் இறங்கி, வாசல் கோலத்தை மூடியது. திலகமணி உட்கார்ந்து அதைக் கடைசி வரைக்கும் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிப் பீளமேட்டுக்குப் போனாள்.

அங்கே ஸ்டீபன்ராஜ் என்று ஒரு மெக்கானிக். முன்பு ரேஸ் வண்டிகளுக்கு வேலை பார்த்தவன்.

"கழட்டி எடுத்துட்டுப் போற மாதிரி ஸ்டேரிங் இருக்குதாமே, அது ஒண்ணு போடோணும்" என்றாள்.

அவன் அவளையும் அவள் கையிலிருந்த ஒயர் கூடையையும் பார்த்தான். "அது ரேஸ் வண்டிக்குங்கக்கா. குறுகின சீட்டுல ஏறி இறங்கறதுக்கு. உங்களுக்கு எதுக்கு? திருட்டுப் பயம்னா கியர் லாக் போட்டுடலாம்."

"கியர் லாக்குக்குச் சாவி உண்டா?"

"உண்டு."

"சாவின்னு ஒண்ணு இருந்தா, அதுக்கு இன்னொண்ணு எங்க மாமன் மடியில மொளைச்சுரும் தம்பி. எனக்கு எடுத்துட்டுப் போறது வேணும்."

"ரோட்டுல போலீஸ்காரங்க புடிச்சா இது என்னன்னு கேப்பாங்கக்கா."

"கேக்கட்டும். வண்டி ஆருதுன்னும் கேப்பாங்கல்ல? அப்பச் சொல்லிக்கறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

மறுநாள் வண்டியை எப்படியோ கைப்பற்றிக்கொண்டு வந்தாள். ஸ்டீபன்ராஜ் பேட்டரி ஒயரைக் கழற்றினான், ஹாரன் மூடியை நெம்பி எடுத்தான், நடு நட்டைத் தளர்த்திப் பழைய ஸ்டேரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி உருவினான், தண்டின் மேல் புதுக் கழுத்தை ஏற்றினான், கழுத்தின் மேல் விடுவிப்பு வளையத்தை வைத்து ஆறு போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கினான், ஹாரன் ஒயரை நடுவில் கோத்தான். புது ஸ்டேரிங் சின்னதாக, கறுப்பாக, ஒரு தோசைக்கல் அளவுக்கு இருந்தது. வளையத்தை இழுத்தால் கையோடு வந்தது, வைத்து அழுத்தினால் டக்கென்று உட்கார்ந்தது.

"அந்த டக்கு கேக்காம வண்டிய எடுக்கவே கூடாதுங்கக்கா. கேட்டப்புறமும் ஒருக்கா இழுத்துப் பாக்கோணும்" என்றான்.

வேலை நடந்த அத்தனை நேரமும் திலகமணி பக்கத்தில் நின்று பொங்கியண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், அதைக் கேட்ட சுவாரசியத்தில் அவன் ஒரு தப்புப் பண்ணிவிட்டான்: நட்டைத் தளர்த்துவதற்கு முன்னால் முன் சக்கரங்களை நேராக நிறுத்தவில்லை. மாட்டி முடித்துப் பார்த்தால் சக்கரம் நேராக நிற்கும்போது ஸ்டேரிங் கோணலாக நின்றது. கழற்றி மறுபடி மாட்டித் தருகிறேன் என்று கெஞ்சினான். "இருக்கட்டும், மாவு பொங்கிரும்" என்று அவள் கிளம்பிவிட்டாள். பின்னால் நடந்ததற்கெல்லாம் ஸ்டீபன்ராஜ் சொல்லும் ஒரே காரணம் இதுதான்: அந்த வண்டியில் சக்கரத்துக்குப் போய்ச் சேராத திருப்பம் கொஞ்சம் மிச்சம் நின்றுவிட்டது, மிச்சம் நின்றது எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும் என்பான். ஊரில் வேறு யாரும் காரணம் தேடிக் கஷ்டப்படவில்லை.

அன்றிலிருந்து ஸ்டேரிங் அவளோடு போனது. ரேஷன் கடை வரிசையில் கூடையில் அரிசிப் பைக்கு மேல் இருந்தது, கோயிலில் தேங்காய் பழத்துக்குப் பக்கத்தில் இருந்தது, பூசாரி ஒரு தடவை அதற்கும் சேர்த்து விபூதி போட்டார். "என்ன அம்மிணி, வண்டிய வீட்ல உட்டுட்டுத் தலைய மட்டும் கூட்டிட்டு வந்துட்ட?" என்று கிண்டல் பண்ணினார்கள். "தலை நம்மகிட்ட இருந்தா ஒடம்பு எங்கயும் போகாதுங்க" என்பாள்.

பொங்கியண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு காதுகுத்துக்குக் கிளம்பி வந்தார். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார், உட்கார்ந்தார், இரண்டு கையையும் நீட்டினார். பிடிக்க ஒன்றும் இல்லை. தாம்பாளத் தட்டை வாங்கப்போகிறவர் மாதிரி கைகள் அந்தரத்தில் நின்றன.

"ஸ்டேரிங் எங்க?"

"கூடையில இருக்குதுங்க மாமா."

"நம்ம வண்டி ஸ்டேரிங் உன்ற கூடையில எதுக்கு?"

"கூடை என்றதுங்க மாமா. வண்டியும் என்றது. அதனால அதுல இருக்குது."

பொங்கியண்ணன் அந்தக் காதுகுத்துக்கு டவுன் பஸ்ஸில் போனார். வேட்டியில் யாரோ மீன் கூடையை உரசிவிட்டார்கள். திரும்பி வந்த கையோடு பங்காளிகளைக் கூப்பிட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, டீ கொடுத்து, நியாயம் கேட்டார். பங்காளிகள் எல்லோருமே எப்போதோ அந்த வண்டியில் கோழியோ மூட்டையோ ஏற்றியவர்கள். ஒரே குரலில் சொன்னார்கள்: ஸ்டேரிங்கைக் கொண்டுவந்து பெரியவர் கையில் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் தடம் கிடையாது. செல்லமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திலகமணி எழுந்து நின்று, "வண்டி குடுத்தாத் தடம், தடம் குடுத்தா வண்டி, அப்ப எனக்குன்னு என்னதானுங்க இருக்குது?" என்று கேட்டாள். பிறகு டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் தடத்தின் குறுக்கே கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார்கள். வண்டி உள்ளே நின்றது, உலகம் வெளியே நின்றது, நடுவில் கம்பி. திலகமணி மாவு டப்பாவைத் தலையில் வைத்து வரப்பில் நடந்து பார்த்தாள். சோளக்காட்டில் கால் மடங்கி விழுந்தாள். மாவை எறும்புகளுக்கு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, கூடையிலிருந்து ஸ்டேரிங்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோபத்தில் இருக்கிறவர்கள் தாலிக்கயிற்றைத் திருகுவார்கள், முந்தானையைத் திருகுவார்கள், அவள் மடியில் ஸ்டேரிங் இருந்ததால் அதைத் திருகினாள். இடது பக்கமாக ஒரு சுற்று.

தடம் திரும்பியது.

படுத்திருந்த எருமை எழுந்து வேறு பக்கம் படுக்கிறதே, அந்த மாதிரி, அவசரமில்லாமல், கொஞ்சம் புழுதி எழுப்பிக்கொண்டு, கல்லுக்காலையும் கம்பியையும் விட்டு விலகி, கிணற்று மேட்டைச் சுற்றி, குப்பண்ணனின் வெங்காயக் காட்டுக்கு நடுவே போய்த் தார்ச்சாலையில் சேர்ந்து படுத்துக்கொண்டது. திலகமணி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மீதி மாவை எடுத்துவந்து வண்டியில் ஏற்றி, ஸ்டேரிங்கை மாட்டி, டக்கென்று கேட்டதும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, கிளம்பிப் போனாள். கடைகளில், "ஏனுங்க லேட்டு?" என்று கேட்டதற்கு, "தடம் மாத்தற வேலை இருந்துச்சு" என்றாள்.

குப்பண்ணன்தான் முதலில் சண்டைக்கு வந்தார். தன் காட்டில் தடம் விழுந்துவிட்டது என்று அரிவாளோடு வந்தவர், பாத்தி பாத்தியாக எண்ணிப் பார்த்தார். ஒரு வெங்காயம் குறையவில்லை. வெங்காயச் செடிகள் தடத்துக்கு இரண்டு பக்கமும் நகர்ந்து நின்றுகொண்டிருந்தன. சங்கிலி போட்டு அளந்தார்கள், காடு அதே அளவுதான் இருந்தது. "அப்ப எனக்கும் தடம் வந்துருச்சு, காட்டுலயும் கொறையல" என்று அரிவாளைப் பின்னால் வைத்துக்கொண்டார் குப்பண்ணன், அன்று சாயங்காலமே தன் மொபெட்டை அதில் ஓட்டினார். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தார், தடம் நகர்ந்ததற்குத் தன்னிடம் விண்ணப்பம் எதுவும் வரவில்லையாதலால் அது நகரவில்லை என்று சொன்னார், மோர் குடித்தார், நகர்ந்த தடத்தின் வழியாகவே திரும்பிப் போனார்.

பொங்கியண்ணன் குப்பண்ணனிடம் பேசி அங்கேயும் கல்லுக்கால் நடவைத்தார். திலகமணி வலது பக்கம் ஒரு திருகு திருகினாள். அங்கே நட்டால் இங்கே, இங்கே நட்டால் அங்கே, இப்படியே காடெல்லாம் வேலிகள் எதையும் மறிக்காமல் நின்றன. கோவைக்கொடிக்குத்தான் கொண்டாட்டம், ஏறிப் படர்ந்து காய்த்துத் தள்ளியது.

ஊர் இதற்குச் சீக்கிரம் பழகிவிட்டது. பால்காரர் காலையில் திலகமணிக்குப் போன் பண்ணி, "இன்னிக்கு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டுக்கொண்டு கிளம்பினார். பக்கவாதத்தில் கிடந்த ஒருவருக்கு வீட்டு வாசல் வரைக்கும் தடம் வேண்டும் என்று கேட்டார்கள், ஒரு திருப்புத் திருப்பிக் கொடுத்தாள், ஆம்புலன்ஸ் வந்து போனது. அந்த வீட்டுக்கு அதற்கு முன் சைக்கிள்கூடப் போனதில்லை. ஒருத்தி வந்து தன் புருஷன் சாராயக் கடைக்குப் போகும் தடத்தைத் திருப்பிவிடச் சொல்லி அழுதாள். "குடிக்கறவனுக்குத் தடம் எதுக்குக் கண்ணு, அவன் வரப்புலயே போயிருவான்" என்று அனுப்பிவிட்டாள். நிலத்தரகர் ஒருவர் வந்து தன் மனைப்பிரிவுக்கு முன்னால் தடத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் கமிஷன் என்றார். அவர் பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவர் வந்த தடம் அங்கே இல்லை, பளபளவென்ற ஷூவோடு கரிசல் சேற்றில் நடந்து போனார்.

இதையெல்லாம் பொங்கியண்ணன் தன் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாத் தடமும் தன் காட்டில் தொடங்கித் தன் காட்டில் முடிந்த காலம் ஒன்று இருந்தது. ஒரு மத்தியானம், கிரைண்டர்கள் ஓடும் சத்தத்தில் திலகமணிக்கு ஒன்றும் கேட்காது என்று தெரிந்துகொண்டு வந்து, ஆணியில் தொங்கிய கூடையிலிருந்து ஸ்டேரிங்கை எடுத்துத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். தன் வீட்டுக் கூடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "ஊருல இருக்கற தடமெல்லாம் என்ற தடம்" என்று சொல்லிக்கொண்டே, தோள் இறங்க, பல்லைக் கடித்து, ஒரே திருப்பாகத் தன் பக்கம் திருப்பினார்.

தடம் சொன்ன பேச்சைக் கேட்கும். அவர் பக்கம் வந்தது.

திலகமணி வீட்டு வாசலில் தொடங்கி, நேராக வந்து, முன்வாசல் படியேறி, கதவு நிலைகள் பஸ்ஸுக்கு ஒதுங்குகிறவர்களைப் போல இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட, கூடத்தில் நுழைந்து, கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவே போய், சமையற்கட்டை அரைவட்டமடித்து, பின்வாசலில் இறங்கித் தார்ச்சாலையில் போய்ச் சேர்ந்தது. அடுப்படியில் நின்ற அவர் மனைவி கண்ணாத்தாள் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு எட்டுத் தள்ளி நின்று, "பாத்துத் திருப்ப மாட்டீங்களா?" என்றாள்.

அவர் மறுபடி திருப்புவதற்குள் திலகமணி அந்தத் தடத்திலேயே நடந்து வந்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "குடுங்க மாமா, கடைக்கு நேரமாச்சு" என்று அவர் மடியிலிருந்து ஸ்டேரிங்கை எடுத்துக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் வெள்ளை மாருதி முன்வாசல் படியேறி, ஒரு ஹாரன் கொடுத்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் காலை மடக்கிக்கொள்ளும்வரை நிதானித்து, கூடத்தைக் கடந்து, சமையற்கட்டில் திரும்பி, பின்வாசல் வழியாக வெளியே போனது.

அதன் பிறகு அவள் தடத்தைத் திருப்பவே இல்லை.

கண்ணாத்தாள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டாள். ஷோகேசைச் சுவரோரமாகத் தள்ளினாள், கோலத்தைத் தடத்துக்கு ஒதுக்கிப் போட்டாள், காலையில் வண்டி வரும்போது கொத்தமல்லிக் கட்டுச் சொல்லி அனுப்பினாள், வெள்ளிக்கிழமைகளில் அடுப்படியிலேயே வண்டியேறிக் கோயிலுக்குப் போய் அடுப்படியிலேயே வந்து இறங்கினாள். வண்டி போகிற தடத்தில் மற்றவர்களும் போகத்தானே செய்வார்கள். கேஸ் சிலிண்டர்க்காரர் போனார், ஆடுகள் போயின, பள்ளிக்கூடப் பிள்ளைகள் டிவியில் என்ன ஓடுகிறது என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் கதவைத் தட்டும் சிரமம் இல்லாமல் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் தவறாமல், "மாமா, சாப்ட்டாச்சுங்களா?" என்று கேட்டார்கள்.

"இது என்ற வீடுடா!" என்று கத்துவார் பொங்கியண்ணன்.

"வீடு உங்களுதுதானுங்க மாமா. நாங்க தடத்துலதானே போறோம்" என்பார்கள்.

கூடத்தின் இரண்டு பக்கமும் கல்லுக்கால் நடலாமென்று பங்காளிகளைக் கூப்பிட்டார். அவர்களுக்கும் அந்தத் தடம் பழகிப்போயிருந்தது, சாலைக்குக் கிட்டமாக இருந்தது. சொந்த வீட்டுக்குள் யாராவது வேலி போடுவார்களா அண்ணா என்று புத்தி சொல்லிவிட்டுக் கூடத்து வழியாகவே கலைந்து போனார்கள்.

கடைசியில் அவரே வந்தார். திலகமணி மாவு டப்பாக்களை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். செல்லமுத்து வழக்கப்படி தரையைப் பார்க்கப் போனவன், ஏதோ தோன்றி, நிமிர்ந்து கிரைண்டரைத் துடைக்கத் தொடங்கினான்.

"தடத்தைத் திருப்பு" என்றார்.

"திருப்பறனுங்க மாமா. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இது ஆரு வண்டி?"

"வண்டி... மாவு வண்டி."

"மாவு வண்டி ஆரு வண்டி?"

"செல்லமுத்து பொண்டாட்டி ஓட்டற வண்டி."

"ஓட்டறது ஆருன்னு நான் கேக்கலீங்க."

"நம்ம..." என்று தொடங்கி அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"உன்ற வண்டின்னு சொல்லுங்க மாமா. சின்ன வார்த்தை. சொல்லிட்டீங்கன்னா இந்த நிமிஷமே திருப்பி உட்டுடறேன், உங்க கூடத்துல நீங்க காலை நீட்டிட்டு உக்காரலாம்."

பொங்கியண்ணன் வாயைத் திறந்தார். "உ" என்று ஒரு சத்தம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கட்டியது, வரப்பில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களுக்குக் குப்பண்ணன், "வந்துருச்சு, வந்துருச்சு" என்று சொன்னார். அந்த "உ" இருமலாக மாறியது. திலகமணி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் இன்னும் சொல்லவில்லை. வருஷங்கள் போய்விட்டன, மாருதி இரண்டு தடவை இஞ்சின் இறக்கிவிட்டது, ஸ்டேரிங்கின் தோல் தேய்ந்து வெளுத்துவிட்டது, பொங்கியண்ணனுக்கு ஒரு கண்ணில் புரை விழுந்துவிட்டது. கண்ணாத்தாள் சொன்னது இது: இப்போதெல்லாம் அவர் வெடியால நாலு பேருக்கு முன்னால் எழுந்துகொள்கிறார், முன்வாசல் கதவைத் தானே திறந்து கல்லை முட்டுக்கொடுத்து வைக்கிறார், தடத்தில் விளக்குமாறோ செருப்போ கிடந்தால் காலால் ஒதுக்குகிறார், பிறகு கட்டிலில் போய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொள்கிறார். ஒரு நாள் வண்டி வரத் தாமதமானபோது, "என்ன ஆச்சுன்னு போன் பண்ணிக் கேளு" என்று சொன்னாராம். எதைப் பத்திக் கேட்க என்று கண்ணாத்தாள் கேட்டதற்கு, "அந்த இதைப் பத்தி" என்றாராம்.

இதை எழுதுகிறவன் போன தை மாதத்தில் அந்த வண்டியின் முன் சீட்டில், மடியில் ஒரு மாவு டப்பாவோடு போனான். வண்டி படியேறியது. கூடம் வந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகு ஒன்று, ஹாரன் சத்தத்துக்கு முன்பே கால்களை மடக்கிக்கொண்டது. திலகமணி வேகத்தைக் குறைத்து, அந்த முதுகைத் திரும்பிப் பார்க்காமல், ஆனால் அதற்குக் கேட்கும்படியாக, "போயிட்டு வர்றனுங்க மாமா" என்றாள். சமையற்கட்டில் திரும்பிப் பின்வாசல் இறங்கித் தார்ச்சாலை ஏறிய பிறகுதான், இத்தனை வருஷமாகத் தடம் நிஜமாகவே நகர்ந்ததா என்று கேட்பதற்காக மனதில் வைத்திருந்தவன், அதைக் கேட்காமல், வேறொன்றைக் கேட்டான்:

"ஏனுங்க, நாளைக்கே அவரு வாயைத் திறந்து, இது உன்ற வண்டிதான் அம்மிணின்னு சொல்லிட்டாருன்னு வச்சுக்குங்க, நீங்க நெசமாலுமே தடத்தைத் திருப்பிருவீங்களா?"